எழுத்து மட்டும் நிற்கும் இடம்

திருப்பருத்திக்குன்றம் வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. சித்திரத்துக்கு அடியில் விளக்க எழுத்து. வர்ணம் உதிர்ந்துபோய் எழுத்து மட்டும் நிற்கும் இடத்தைப் பார்க்கும்போது எனக்கு பி. கே. ரோசியின் ஞாபகம் வருகிறது.

மலையாளத்தின் முதல் சினிமாவான 'விகதகுமார'னின் கதாநாயகி அவர். தலித் பெண், காக்காரிசி நாடகம் ஆடியவர். அந்த மௌனப்படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் காட்டப்பட்டது 1928இல் என்றும் 1930இல் என்றும் சொல்கிறார்கள். அவர் ஏற்றது நாயர் பெண் வேஷம். நாயகன் அவர் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சியில் திரைமேல் கல் விழுந்தது என்பது செவிவழிச் செய்தி. ரோசி ஊரைவிட்டு ஓடி, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடிந்தார். படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' விண்கப்பலின் தகவல் அதிகாரியாக உட்கார்ந்தவர் கறுப்பினத்து நடிகை நிஷெல் நிகோல்ஸ். வசனம் சொற்பம். சலித்து விலக நினைத்தவரை, விலகக்கூடாது என்று மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1968இல் வெள்ளைக்கார கேப்டன் அவரை முத்தமிடும் காட்சி வந்தது. கதைப்படி அது அவர்கள் விரும்பித் தந்த முத்தமல்ல. அந்நியக் கிரகத்தாரின் மனோசக்தி செய்யவைத்தது. அங்கே முத்தத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இங்கே உதடுகூட இல்லை, பூதான்; அதற்கே கல்.

2022இல் நிகோல்ஸ் இறந்தபோது 'முதல்' என்ற பட்டத்தோடு நினைவுகூர்ந்தார்கள். ரோசிக்கும் இப்போது அதே பட்டம். நானும் ஒரு கூட்டத்தில் அப்படிச் சொல்லிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தவன்தான். இன்று அந்தத் திருப்தி எனக்கு உறுத்துகிறது. நிகோல்ஸை இன்றும் திரையில் பார்க்கலாம். நன்றாக நடித்தார், இந்த இடத்தில் சோடை என்று விவாதிக்கலாம். ரோசி விஷயத்தில் அது சாத்தியமில்லை. மோசமான நடிகை என்று விமர்சிக்கப்படும் உரிமையைக்கூட அந்தக் கல் பறித்துவிட்டது. அவரைத் தியாகி என்று சொல்லலாம், முன்னோடி என்று சொல்லலாம். கலைஞர் என்று சொல்ல நம்மிடம் ஒரு அடி ஃபிலிம் இல்லை.

2013இல் வந்த 'செல்லுலாய்ட்' இந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்த்தது. ஆனால் அது இயக்குநர் ஜே. சி. டேனியலின் துயரக்கதை. ரோசி பாதியில் ஓடிப்போகிறார். கேமரா அவர் பின்னால் போகவில்லை. கல்லெறிந்தவர்களோடு ஒப்பிட அல்ல இதைச் சொல்வது. அனுதாபமும் ஒருவரைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட முடியும் என்பதற்காக.

உதிர்ந்த இடத்தில் புதுச்சாயம் பூசினால் கிடைப்பது பூசியவனின் சித்திரம். எழுத்தைப் படித்துவிட்டு, மேலே வெறும் சுண்ணாம்பையும் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். விமர்சகனுக்கு அது கஷ்டமான காரியம். ரோசியைப் பொறுத்தவரை அது ஒன்றுதான் யோக்கியமானது என்று எனக்குப் படுகிறது.