ஆனாலா, அதனாலா?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ்ப் பாடவேளையில் இரண்டு பயிற்சிகள் ஓயாமல் நடக்கின்றன. ஒன்று, பாடத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் எழுதுவது. மற்றது, கோடிட்ட இடத்தில் பொருத்தமான இணைப்புச் சொல்லை நிரப்புவது. இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்று நடக்கிற விதத்தில் இரண்டையும் ஏற்கவும் முடியாது.

சொற்களை மனத்தில் பதியவைப்பது நமக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளாகவே எழுதப்பட்டன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொருள் முழுவதும் விளங்கும் முன்பே நிகண்டை ஒப்பித்தார்கள். ஓசையோடு உள்ளே போன சொல் எளிதில் மறக்காது என்பது அந்த முறையின் பலன். இன்றைய சொற்பட்டியலில் அந்த ஓசையும் இல்லை. 'இன்னல் – துன்பம்' என்று இரண்டு சொற்களும் நடுவில் ஒரு கோடும்தான் இருக்கின்றன. அந்தக் கோட்டைச் சமக்குறியாக எடுத்துக்கொண்ட குழந்தை 'என் காலில் இன்னல்' என்று எழுதினால் அதைக் குறை சொல்ல முடியாது. இன்னலுக்கு ஆளாவார்கள், இன்னலைத் தாங்குவார்கள் என்று அந்தச் சொல் யாரோடு பழகும் என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை.

இருந்தாலும் பட்டியலே வேண்டாம் என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருளர் மொழியோ பேசும் குழந்தைக்கு அந்த ஒரு வரிப் பொருள்தான் முதல் பிடிமானம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளியில், ஒரு வகுப்பு தானாகச் செய்துகொண்டிருக்க ஏதாவது ஒரு வேலை தேவைப்படுகிறது. இந்த நெருக்கடியைப் பார்க்காமல் மனப்பாடத்தைப் பழிப்பது நியாயமில்லை.

நம் வகுப்பறையிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மயில் அகவும், குயில் கூவும், ஆந்தை அலறும் என்ற மரபுச் சொல் பாடம் அது. அங்கே சொல் தனியாக வருவதில்லை, துணையோடு வருகிறது. குழந்தைகள் குரல் கொடுத்துப் பார்த்தே கற்கிறார்கள். அதையும் கடைசியில் 'பொருத்துக' ஆக்கிவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். நட, நடை, நடப்பு, நடத்து, நடைமுறை என்று ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்களைச் சேர்த்துக் கற்பிக்கும் வழியும் அதிகம் பயன்படாமலே கிடக்கிறது.

இணைப்புச் சொல் பாடத்தின் கோளாறு இதைவிட ஆழமானது. தமிழில் இரண்டு கருத்துகளை இணைக்கும் வேலையைப் பெரும்பாலும் வினையே செய்துவிடுகிறது. மழை பெய்ததால், பெய்தால், பெய்தாலும், பெய்தும் என்று ஒரே வினையின் ஈறு மாறும்போது காரணமும் நிபந்தனையும் முரணும் வந்துவிடுகின்றன. தொல்காப்பியம் 'உம்' என்ற ஒரே இடைச்சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் சொல்கிறது. 'அவனும் வந்தான்' என்றால் வேறொருவரும் வந்திருக்கிறார் என்பது பள்ளிக்கு வரும் முன்பே குழந்தைக்குத் தெரியும். 'அண்ணனுக்கு மட்டும் குடுத்தே, ஏன்னா அவன் பெரியவன்' என்று சண்டை போடும் பிள்ளைக்குக் காரணம் காட்டத் தெரியாதா? அந்த 'ஏன்னா'தான் புத்தகத்தின் 'ஏனெனில்' என்று சொல்லிக் கொடுக்காமல், அதைப் புதுச் சொல்லாக அறிமுகம் செய்கிறோம். 'அப்பாவும் அம்மாவும் தம்பியும்' என்று அழகாகப் பேசும் குழந்தை எழுதும்போது 'அப்பா, அம்மா மற்றும் தம்பி' என்கிறது.

அதற்காக எனவே, ஆகவே, எனினும் போன்றவை வேண்டாம் என்று பொருளில்லை. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி என்று எச்சங்களாகவே நீளும் எழுத்தில் எங்கே நிறுத்துவது என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. வாக்கியத்தை முடித்து, மூச்சு விட்டு, 'ஆகவே' என்று அடுத்ததைத் தொடங்கக் கற்றால் சிந்தனையும் படிப்படியாகத் தெளிகிறது. செடி ஏன் வாடியது என்ற அறிவியல் கேள்விக்கு விடை எழுதவும் இது உதவும். இந்தப் பலன் உண்மையானது.

ஆனால் கோடிட்ட இடம் அதைத் தருவதில்லை. அங்கே இரண்டு வாக்கியங்களையும் அவற்றின் உறவையும் நூலாசிரியரே யோசித்து முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சுவது அடைப்புக்குள் இருக்கும் மூன்று சொற்களில் ஒன்றைக் குறிவைப்பது மட்டுமே. 'பாட்டி வீட்டுக்குப் போனோம். ___ மாலையே திரும்பிவிட்டோம்.' இதில் 'ஆனால்' போட்டால் தங்க நினைத்தது நடக்கவில்லை என்று ஒரு கதை. 'அதனால்' போட்டால் பாட்டி வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது போகும்போதே திரும்புவதாகத் திட்டம். இரண்டும் சரி. எதைப் போட்டாய், ஏன் என்று கேட்டால் வகுப்பே விவாதிக்கும். விடைக்குறிப்பில் ஒன்றே சரி என்று அச்சிட்டு, மற்றதற்குச் சிவப்புக் கோடு போடும்போது, இணைப்புச் சொல் பேசுபவரின் மனத்தைக் காட்டுகிறது என்ற அடிப்படையே குழந்தைக்கு எட்டாமல் போகிறது.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் பாட்டுக்கும் கதைக்கும் இடம் கொடுத்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. வகுப்பில் குழந்தை வாய் திறப்பது பெரிய முன்னேற்றம்தான். எனினும் அந்தப் பேச்சு பயிற்சி நூலுக்குள் வரவேண்டும். குழந்தை சொன்ன வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதி, அதிலுள்ள 'ஏன்னா', 'ஆனா', 'அதனால' ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எழுத்து வடிவத்தை எழுதலாம். இதற்குத் தனிக் கருவியோ நிதியோ தேவையில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பருவத் தேர்வில் கோடிட்ட இடங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு, 'ஆனால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுங்கள். அதற்கு முன்னால் வரவேண்டிய வாக்கியத்தைப் பிள்ளையே எழுதட்டும். பொருந்தி வரும் எந்த விடைக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.