தோலைப் பார்க்கும் கண்

பழத்தை நாவினாலும் மூக்கினாலும் அறிந்திருக்கும் அளவுக்கு நாம் கண்ணினால் அறிந்திருக்கிறோமா என்பது சந்தேகமே. கூடத்தில் இருக்கும் மாம்பழம் இமாம்பசந்தா, மல்கோவாவா என்பதைக் கொல்லைப்புறத்தில் நின்றபடியே மணத்தைக் கொண்டு சொல்லிவிடக்கூடிய ரஸிகர் ஒருவரை, அதன் காம்படியில் உள்ள நிறம் நுனியை நோக்கி எவ்விதம் மாறிக்கொண்டு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே போய்ப் பழத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். தோல் என்பது நமக்கு உரித்து எறிவதற்கென்றே ஏற்பட்ட வஸ்து. பழத்தைப் புகைப்படமாக எடுத்துச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டி ரஸிக்க விரும்புகிறவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இந்த அபிப்பிராயத்தைத்தான்; ஏனெனில் மணமும் ருசியும் படத்துக்குள் வரமாட்டா. வருவது பெரும்பாலும் தோல்.

பழரசக் கடைகளின் முகப்பில் ஒரு படம் இருக்கும். பாலுக்குள் ஸ்ட்ராபெரி விழுந்து தெறிக்கும். ஆப்பிளின் மேல் நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்கும். (கடைக்குள்ளே அதிகம் பிழிபடுவது சாத்துக்குடி, அதற்குப் படமேறும் யோக்கியதை இல்லையென்று யார் தீர்மானித்தார்களோ!) அந்தப் படத்தை நான் குறை கூறவில்லை. வழியில் போகிறவனின் நாவை ஊறச் செய்து உள்ளே இழுப்பது அதன் தர்மம். இழுத்தவுடன் அதன் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால், பத்து வருஷம் ஒரே சுவரில் இருந்துகொண்டு, தினந்தோறும் அதே குடும்பத்தார் கண்ணில் பட வேண்டிய படத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அது விரல் நுனியைக் குறுகுறுக்கச் செய்ய வேண்டும். தொட்டுப் பார்க்கலாமா என்று கை தானாக எழுகிறதா என்பதே நான் வைத்துக்கொண்டிருக்கும் பரீட்சை.

இந்த ஸ்பரிச உணர்ச்சியைப் படத்துக்குத் தருவது வெளிச்சம் வந்த திசை. ஆகையால் எந்தப் பழத்தின் படத்துக்கு முன் நின்றாலும், பழத்தைப் பார்க்குமுன் நிழலைப் பார்த்து, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கண்டுகொள்ளுங்கள். பலாவையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய ஒரு முழுப் பழத்தை, காமிராவோடு ஒட்டிய பிளாஷ் விளக்கைக் கொண்டு நேருக்கு நேராக எடுத்தால், முள்ளின் நிழல் முள்ளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ள, மிஞ்சுவது ஒரு பச்சைச் சாக்குமூட்டை. அதே பழத்தை ஜன்னலருகே ஒரு முக்காலியின் மீது கிடத்தி, வெயில் நேராக உள்ளே விழாத வேளையில், பக்கவாட்டில் தவழ்ந்து வரும் வெளிச்சத்தில் எடுத்தால், ஒவ்வொரு முள்ளும் ஒரு புறம் வெளுத்து, மறு புறம் இருண்டு, தனித்தனிக் குன்றாக எழுந்து நிற்கும். அந்த முள் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவின் மிச்சம் என்பதையும், எண்ணற்ற சிறு பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தே நாம் ஒரு பழம் என்று சொல்லுகிற இந்த மகா உருவம் ஆயிற்று என்பதையும் அறிந்து பார்க்கிறவனுக்கு, தேர்த் திருவிழாக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்ப்பது போன்ற ஒரு பிரமை உண்டாகும். நிழல் பக்கம் அடியோடு கறுத்துவிடுமானால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும். கொடியில் காயும் வேட்டிகூட அந்த உபகாரத்தைச் செய்யும்.

வர்ணம் இல்லாவிட்டால் பழத்துக்கு அழகேது என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படங்களோடு விற்பனைக்கு வந்த முதல் புத்தகம் என்று சொல்லத்தக்கதாய், வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் 1844 முதல் 1846 வரை இங்கிலாந்தில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூலில் 24 படங்கள் உள்ளன. அவற்றுள் கடைசிப் படம் பழக்கூடைகளுடையது. அதிலே அன்னாசி வீற்றிருக்கிறது! கண்ணாடிக் கொட்டகைக்குள் சூடு மூட்டி வளர்த்தாலன்றி அந்தக் குளிர் நாட்டில் விளையாத அன்னாசி, செல்வந்தர் வீட்டு மேஜையின் கௌரவச் சின்னமாக இருந்த காலம் அது. ஒற்றை நிறத்தில் அமைந்த அந்தப் படத்தில் அன்னாசியை அன்னாசியென்று காட்டிக்கொடுப்பவை அதன் கண்களும் கொண்டையுமே. அக்கண்கள் இரு திசைகளிலும் சுழன்றேறும் வரிசைகளை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 8 என்றும் 13 என்றும் வரும். எண்ணிப் பார்த்தவன் அதற்குப் பிறகு அன்னாசிப் படம் எதையும் அசட்டையாகக் கடந்து போக மாட்டான். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தாவர சாஸ்திரப்படி அதுவும் பழமே. புனலின் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பிவிட்டதனால், மிளகாய் என்று தெரிந்தே பார்க்கும்போதும் மல்லனுடைய முதுகு என்று மனம் சொல்லுகிறது.

பின்னணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கறுப்புத் துணியோ, காரை பெயர்ந்த சுவரோ, பழைய முறமோ போதும். பித்தளைத் தாம்பாளத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தாம்பாளத்தில் ஏறிய செவ்வாழை அந்தக் கணமே சீர்வரிசையாகிவிடுகிறது. பார்ப்பவருக்கு அடுத்தபடியாக வெற்றிலை எங்கே என்றுதான் கேட்கத் தோன்றும்.

பழத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தைக் காண்பது இவற்றிலெல்லாம் சிரமமான பாடம். மிலான் நகரத்து அம்புரோசியானா சித்திரசாலையில், கராவாஜியோ 1600ஐ ஒட்டித் தீட்டிய பழக்கூடை ஒன்று இருக்கிறது. அதில் ஆப்பிளில் புழு துளைத்திருக்கிறது, இலைகள் வாடிச் சுருண்டிருக்கின்றன. மாசற்ற பழத்தைத் தேடிக் கடை கடையாக அலைகிறவர்கள் அந்த ஓட்டையை நினைத்துக்கொள்ள வேண்டும். மாங்காயைப் பறித்தபோது காம்பிலிருந்து வழிந்த பால் தோலில் எழுதிப்போன தழும்பும், பூவன் பழத்தில் நாளுக்கு நாள் கூடும் கரும்புள்ளிகளும் அந்தப் பழத்தின் ஜாதகம். அவற்றைக் கணினியில் துடைத்துவிட்டால் மெழுகுப் பொம்மைதான் எஞ்சும். சீத்தாப்பழத்துக்கோ அவகாசமே இல்லை: கண்களுக்கிடையே பள்ளம் அகன்று, உள்ளிருக்கும் வெண்மை சற்றே தெரிகிற அந்த மாலைப்பொழுதை விட்டால், மறுநாள் காலையில் அது வெடித்துக் கிடக்கும். ஒரே வாழைச் சீப்பைப் பச்சையிலிருந்து கறுப்பு வரை, இடமும் வெளிச்சமும் மாறாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்து, ஐந்தாறு சிறு படங்களாக வரிசையில் மாட்டிப் பார்க்கலாம். வீட்டார் பொறுமையாக இருந்து அதைத் தின்றுவிடாமல் காக்க வேண்டும்; எங்கள் வீட்டில் மூன்றாம் படத்தோடு அந்த யத்தனம் முடிந்துவிட்டது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் பழத்தின் ஸ்வபாவம் அறிந்து செய்ய வேண்டும். எலுமிச்சை மூன்றடிக்குப் பெருகினால் குழிகள் நிறைந்த ஒரு கிரகமாகிப் பிரமிக்க வைக்கும். பலாவைத் தபாலட்டையாகச் சுருக்கினால் அதன் ராஜரீகம் போயிற்று. 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 3600க்கு 5400 புள்ளிகள் உள்ள கோப்பு வேண்டும். தாள் பளபளப்பில்லாத மேட் தாளாக இருப்பது நலம். பளபளப்புத் தாளில் பழத்துக்கு முன்பாக டியூப் லைட்தான் தெரியும்.

மாட்டும் உயரத்திலும் ஒரு நியாயம் உண்டு. படங்களை உத்தரத்துக்கு அருகே ஏற்றி முன்புறம் சாய்த்துவிடும் நம் பழைய வழக்கம் தெய்வங்களுக்கும் முன்னோர்களுக்கும் பொருந்தும். அவர்கள் மேலிருந்து நம்மைப் பார்க்க வேண்டியவர்கள். பழத்தை நாம் பார்க்க வேண்டும். ஆகவே நின்று பார்க்கும் சுவரில் கண்மட்டத்திலும், உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அதற்கும் ஒரு சாண் தாழ்வாகவும் ஆணியடியுங்கள். நேர் வெயில் படும் சுவர் ஆகாது, நிறம் வெளுக்கும். ஐப்பசி மழையில் ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால், சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சீசா மூடிகளின் தக்கையை நறுக்கி ஒட்டிவிட்டால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது.