2,200 பேர் படிக்கும் கல்லூரி கோப்பையை வென்றது எப்படி?

நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடி நகரில் உள்ள யூனியன் கல்லூரியில் படிப்பவர்கள் சுமார் 2,200 பேர். மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் டிவிஷனில் ஆடும் இந்தக் கல்லூரி, ஐஸ் ஹாக்கியில் மட்டும் 1991 முதல் உச்ச நிலையான முதல் டிவிஷனில் ஆடுகிறது. 2014 ஏப்ரல் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில், அதுவரை ஐந்து முறை பட்டம் வென்றிருந்த மின்னசோட்டா பல்கலைக்கழகத்தை 7-4 என்று தோற்கடித்தது.

இதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க முடியாது. கோலை நோக்கி யூனியன் அடித்தவை 49, மின்னசோட்டா அடித்தவை 40. அந்த 40-ல் 36-ஐத் தடுத்தார் கோல்கீப்பர் காலின் ஸ்டீவன்ஸ். முதல் பகுதியிலேயே 1 நிமிடம் 54 வினாடிக்குள் யூனியனின் மூன்று கோல்கள் விழுந்தன. தற்காப்பு வீரர் ஷெய்ன் காஸ்டிஸ்பேர் ஒரு கோல் போட்டார், இரண்டுக்குத் துணை நின்றார். அவர் களத்தில் இருந்தபோது யூனியனின் கணக்கு பிளஸ் 7, அதாவது போட்ட கோல்கள் வாங்கியவற்றைவிட ஏழு அதிகம். தற்காப்பு வீரரே தாக்குதலைத் தொடங்கிவைப்பதும், அவர் முன்னேறியதும் சக வீரர் பின்னால் வந்து காலி இடத்தை அடைப்பதும் பலமுறை சேர்ந்து பழகிய அணிக்கே கைகூடும்.

அந்தப் பழக்கம் உருவான இடம் கல்லூரி வளாகத்தின் அக்கிலிஸ் சென்டர். 1975-ல் கட்டப்பட்ட அதன் மெஸ்ஸா ரிங்க் என்ற ஐஸ் அரங்கில் சுமார் 2,200 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட மொத்தக் கல்லூரியும் உள்ளே அடங்கிவிடும். அங்கே முதல் பயிற்சியாளராக வந்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இருமுறை தேசியப் பட்டம் வாங்கித் தந்த நெட் ஹார்க்னெஸ்.

ஐஸ் தளம் செலவு பிடிக்கும் சமாச்சாரம். கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் குளிர்திரவம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே ஏறத்தாழ ஓர் அங்குலப் பனி நிற்கும். சொந்த ரிங்க் இல்லாத அணி, ஊர்ப் பொது அரங்கில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, கிடைத்த நேரத்தில் ஆட வேண்டியதுதான். யூனியன் வீரர்களுக்கு வகுப்பு முடிந்ததும் நடந்துபோகும் தூரத்தில் தளம் இருந்தது.

அன்று அங்கே விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது. ஆகவே நட்சத்திரங்களைத் திரட்டுவதைவிட, வந்தவர்களை நான்கு ஆண்டுகள் செதுக்குவதே கல்லூரியின் வழியாக இருந்தது. 2011-ல் பயிற்சியாளர் நேட் லீமன் விலகியபோது, துணைப் பயிற்சியாளர் ரிக் பென்னட்டிடமே பொறுப்பு வந்தது, ஆட்டமுறை குலையவில்லை. 2012 அரையிறுதியில் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் 1-3 என்று தோற்ற அணியின் இளைஞர்கள் பலர், இரண்டு ஆண்டுகளில் மூத்தவர்களாகித் திரும்பி வந்தார்கள். பாஸ்டன் கல்லூரிக்கு எதிரான 2014 அரையிறுதியில் டேனியல் சியாம்பினி மூன்று கோல்கள் போட, 5-4 என்று வென்றார்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஐஸ் ஹாக்கிக்கு உதவித்தொகை தரப்போவதாக 2022-ல் கல்லூரி அறிவித்தது. 2025-ல் ஆண்கள், பெண்கள் ஹாக்கி அணிகள் வளாகத்துக்கு வெளியே, மோஹாக் ஆற்றங்கரையில் எழுந்த புதிய அரங்குக்கு மாறின. கூடுதல் இருக்கையும் வருமானமும் நல்லவைதான். உதவித்தொகை திறமையான வீரர்களையும் ஈர்க்கும். ஆனால் அதே அரங்கில் இசை நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடக்கும். அவற்றுக்கு முன்பாக, ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டின் பயிற்சி நேரமும் அட்டவணையில் ஏற வேண்டும். 2014 கோப்பைக்கு அடித்தளம் அந்தத் தினசரிப் பயிற்சிதான். அதை விட்டுக்கொடுத்தால் இருக்கைகள் எத்தனை கூடினாலும் அணிக்கு நஷ்டமே.