தான்ஹொய்சர்: கவிஞரும் கதைமாந்தனும்

கவிஞரொருவர் தம் பாடல்களால் நிலைபெறுதல் இயல்பு. பாடல்கள் மறக்கப்படத் தம்மைப் பற்றிய கதையால் நிலைபெறுதல் அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜேர்மானியக் கவிஞராகிய தான்ஹொய்சருக்கு அவ்வரிய நிலை வாய்த்தது. அது பேறோ இழப்போ என்பது ஆராய்தற்குரியது.

ஒஸ்திரியக் கோமகன் இரண்டாம் பிரெடரிக்கின் ஆதரவில் வாழ்ந்த அவர், 1246 இல் அப்புரவலன் போரில் மடிந்தபின் வறுமையுற்றமையை அவருடைய பாடல்களே காட்டுகின்றன. அழகிய மகளிர், நல்ல மது, காலைச் சிற்றுண்டி, வாரம் இருமுறை நீராட்டு ஆகியனவே தம் செல்வத்தைக் கரைத்தன என்கிறார். கூரையற்ற வீட்டைப் பற்றி அவர் கூறுமிடத்து நகையினூடே அவலமும் ஒலிக்கின்றது.

அக்காலத்து அரசவைக் காதற்பாடல் தலைவியை எட்டாத உயரத்தில் வைத்துப் போற்றுவது. அம்மரபினுள் நின்றே தான்ஹொய்சர் அதனை எள்ளினார். அவர் பாடும் தலைவி, றைன் நதி கொப்லென்ஸ் நகர்வழிச் செல்லாது திருப்புமாறும், வீனஸ் தேவிக்குப் பாரிஸ் ஈந்த கனியைக் கொணருமாறும் பணிக்கின்றாள். இயலாதவற்றை இயற்றினாலே அவள் அருள் கிட்டும்.

இனிக் கதையை நோக்குவோம். 1515 இல் நூரன்பேர்க்கில் அச்சேறிய கதைப்பாடலில், வீனஸின் மலைக்குள் வாழ்ந்த தான்ஹொய்சர் என்னும் வீரன் மனம் வருந்திப் பாப்பரசர் நான்காம் உர்பானிடம் மன்னிப்பு வேண்டுகின்றான். உலர்ந்த கோல் தளிர்த்தாலன்றி மன்னிப்பில்லை என்கிறார் பாப்பரசர். மூன்றாம் நாள் கோல் தளிர்க்கின்றது. அவனோ நம்பிக்கையிழந்து மலைக்குள் மீண்டுவிட்டான். கவிஞர் பெயரால் வழங்கும் கழிவிரக்கப் பாடலொன்று இக்கதைக்கு வித்தாயிருக்கலாம் என்பர் அறிஞர்.

கவிஞரின் பாடலில் நகைப்புக்குரியதாயிருந்த இயலாத நிபந்தனை, கதைப்பாடலில் ஓர் ஆன்மாவின் கதியையே தீர்மானிப்பதாகின்றது. அந்நிபந்தனை நிறைவேறியும் பயனின்றிப் போகின்றது. தீர்ப்பளித்தவரே பழிக்கு ஆளாகின்றார். இக்கடுமையே கதைப்பாடலின் வலிமை.

1845 இல் அரங்கேறிய வாக்னரின் இசைநாடகம் எலிசபெத் என்னும் நங்கையைப் படைத்து, அவளது தியாகத்தால் வீரனுக்கு மீட்பளிக்கின்றது. அம்முடிவு உள்ளத்தை உருக்குவதே; ஆயினும், காலந்தாழ்ந்த கருணையால் விளையும் அவலம் அங்கே தணிந்துவிடுகின்றது.

இன்று தான்ஹொய்சர் என்றதும் பலர் நினைவில் எழுபவன், பாவச்சுமையால் வாடும் அக்கதைமாந்தனே. தம் வறுமையையும் தம் காலத்து மரபையும் ஒருங்கே நகைத்த கவிஞர் அவன் நிழலில் மறைந்துள்ளார். கதையின் பெருமையை ஏற்கும்போதே அப்பாடல்களையும் கற்றல், அவருக்குச் செய்யத்தக்க நீதியாகும்.