கணக்குக் காட்டாதவரும் கணக்குக் கேட்க இயலாதவரும்

பண்டைத் தமிழர் ஆட்சிமுறை பற்றிய மேடைப்பேச்சு எதுவும் உத்தரமேரூரைத் தொடாது நிறைவெய்துவதில்லை. அங்கு எப்போதும் முன்னிற்பது குடவோலை முறையே. ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்த காட்சி மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயின், முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அச்சாசனங்களின் வலிமை தெரிவு முறையிலன்று, கணக்குப் பற்றிய விதிகளிலேயே உள்ளது என்பது எமது கருத்து.

வாரியத்திற் பணியாற்றிக் கணக்குக் காட்டாதொழிந்தவன் மீண்டும் தெரிவுக்குரியவனல்லன். அவனுடைய தந்தை, மகன், மாமன், மாமனார், மருமகன் முதலானோரும் விலக்கப்பட்டனர். குற்றமற்ற உறவினரை விலக்குதல் நீதியோ எனச் சிலர் வினவலாம். ஆயின் பதவியிழந்தவன் தன் மருமகனின் பெயரால் அதனைத் தொடர்ந்து அனுபவித்தலை இவ்விதி தடுத்தது. (அவ்வுபாயம் இக்காலத்தார் கண்டுபிடித்ததன்று போலும்!) இதனினும் நுட்பமானது பிறிதொன்று: கணக்கை எழுதியவனே அதனை நேரில் ஒப்புவித்தல் வேண்டும், வேறொரு கணக்கன் புகுந்து முடித்து வைத்தலாகாது.

இவற்றை மக்களாட்சி எனப் போற்றுவோர் ஒரு வினாவைத் தவிர்த்து விடுகின்றனர். அக்கணக்கு யாரிடம் காட்டப்பட்டது? பிராமணர் ஊராகிய அச்சதுர்வேதிமங்கலத்துச் சபையாரிடம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையிற் கட்டிய வீடு, வேதக்கல்வி ஆகியன உடையோரே பொதுவாக வாரியத்துள் நுழையக்கூடியவர். ஏரி வாரியம் காத்த நீரைக்கொண்டு உழுது பயிரிட்டோர் அவ்வாரியத்தின் கணக்கைக் கேட்கலாமென அச்சாசனங்கள் கூறவில்லை.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இவ்விடத்தில் வேறுபடுகின்றது. பிரசை எவரும், காரணம் கூறாமலே, அரச நிறுவனமொன்றிடம் தகவல் கோரலாம். மறுக்கப்படின் ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். கேட்போர் வட்டம் விரிந்தது பெரும்பேறே. ஆயினும் கணக்குக் காட்டாதவனை அடுத்த பதவிக்குத் தகுதியற்றவனாக்கும் அப்பழைய கண்டிப்பு அச்சட்டத்தில் இல்லை.

1979 முதல் இயங்கிவரும், கோப் எனப்படும் பாராளுமன்றக் குழுவின் விசாரணைகளை நோக்குவோர்க்கு இக்குறை நன்கு விளங்கும். நட்டத்துக்குக் காரணமான முடிவை எடுத்தவர் எப்போதோ விலகியிருப்பார். அவர் காலத்துக் கோப்புகளைச் சுமந்துகொண்டு, அவற்றில் ஒரு வரியேனும் எழுதாத பிறிதொரு தலைவர் விடையளிக்க வந்து அமர்ந்திருப்பார்.