அட்டவணையை எப்போது திறப்பது?

ஜெர்மன் வகுப்பில் சேருபவரின் நோட்டில் தொடக்க மாதங்களிலேயே ஓர் அட்டவணை ஏறிவிடுகிறது. மூன்று பால், பன்மை, நான்கு வேற்றுமை என மொத்தம் 16 கட்டங்கள். அவற்றை நிரப்பும் ஆர்ட்டிகிள்களோ டெர், டி, டாஸ், டென், டெம், டெஸ் என்று ஆறுதான். செவிலியர் வேலைக்காக ஜெர்மனி போக நினைப்பவர்கள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை ஒரேயடியாகப் பழிப்பதும் தவறு, அதையே நம்பியிருப்பதும் தவறு.

அட்டவணைக்கு ஒரு பலம் உண்டு. முதல் இரண்டு வேற்றுமைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாறுவது ஆண்பால் ஒருமை மட்டும்தான்: டெர், டென் ஆகிறது. மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. நூறு வாக்கியம் கேட்டும் பிடிபடாத இந்த ஒழுங்கு, கட்டத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பேசும்போதுதான் சிக்கல். பெயர்ச்சொல்லின் பால் என்ன, வேற்றுமை எது, அது எந்தக் கட்டம் என்று மேலிருந்து கீழாக மனத்துக்குள் ஒப்பித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்பதையும் அட்டவணை சொல்லாது. அதைச் சொல்லோடு சேர்த்தே கற்றாக வேண்டும்.

இந்த அதிருப்தி பழையது. விதியும் மொழிபெயர்ப்புமாக நடந்த மொழிப்பாடம் தலைகீழாக மாற வேண்டும் என்று வில்ஹெல்ம் ஃபீட்டர் 1882-லேயே எழுதினார். நூறாண்டு கழித்து ஸ்டீஃபன் கிராஷன், புரியும்படியான மொழியை நிறையக் கேட்டாலும் படித்தாலும் இலக்கணம் தானே வரும் என்றார். கேட்க இதமான வாதம்தான். ஆனால் கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே பாடங்களைப் படித்த ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் கவனித்தபோது, பல ஆண்டுக்குப் பிறகும் அவர்களுடைய பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் இருந்தன. ஜெர்மனிலும் புரிந்துகொள்ள வேற்றுமை உருபு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதனால் காது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நோரிஸும் ஒர்டேகாவும் 2000-இல் விதியை வெளிப்படையாகச் சொல்லித் தருவதற்கே சாதகமான முடிவைத் தந்தார்கள். அவ்வாய்வுகளின் தேர்வுகள் பெரும்பாலும் விதி தெரிந்தவருக்கு வசதியானவை என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது மான்ஃப்ரெட் பீனமன் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. ஜெர்மன் கற்ற இத்தாலியக் குழந்தைகளுக்கு ஒரு சொல்வரிசை விதியைக் கற்பித்தார். அதற்கு முந்தைய படியை எட்டியிருந்தவர்களுக்கு அது பயன்பட்டது, எட்டாதவர்களுக்குப் பயன்படவில்லை. ஆகவே, விதியைச் சொல்வதா வேண்டாமா என்பதைவிட, எப்போது சொல்வது என்பதே பெரிய கேள்வி. நம் வகுப்புகள் தவறுவதும் இங்கேதான். வாக்கியங்கள் பழகும் முன்பே முழு அட்டவணையும் பலகைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. தமிழராகிய நாமும் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே கற்கிறோம். ‘இன் டென் கார்ட்டன்’ என்றால் தோட்டத்துக்குள் போவது. ‘இம் கார்ட்டன்’ என்றால் தோட்டத்தில் இருப்பது. ‘தோட்டத்துக்கு’, ‘தோட்டத்தில்’ என்று பெயரின் உருபை மாற்றியே பேசி வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. எந்த இடத்தில் எந்த வேற்றுமை என்பது இரு மொழியிலும் ஒத்துப்போகாது. ஆனால் வேற்றுமையை மாற்றி இயக்கத்தையும் இருப்பையும் பிரிக்கும் வழக்கம் பொது. ‘வைல்’ என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்குப் பழகிய இடம்தான். அங்கே ஆங்கிலத்தை நடுவில் வைப்பது வீண் சுமை.

நான் பரிந்துரைப்பது இந்த வரிசையை. எளிய பத்திகளைப் படித்து ‘டென்’, ‘டெம்’ வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். ஏன் மாறியது என்று ஊகியுங்கள். பிறகு வெற்றுக் கட்டங்களை நீங்களே நிரப்பி, அச்சிட்ட அட்டவணையோடு சரிபாருங்கள். பேசும்போது அதை மூடி வையுங்கள். கடிதம் எழுதி முடித்த பின் திறந்து, முதல் சுற்றில் ஆண்பால் ‘டென்’ சரியா என்று மட்டும் திருத்துங்கள். ‘டெம்’ அடுத்த வாரம் வரட்டும்.