பயணத் திட்டத்தில் இல்லாத பெண்கள்

பயணத் திட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். எங்கே இறங்குவது, எந்தத் தெருவில் நடப்பது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது, எதைப் பார்க்காமலே ஊர் திரும்புவது என்பதையெல்லாம் அது நமக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில், பாஸ்க் நாட்டில் இருக்கும் சான் செபாஸ்தியானுக்கு செப்டம்பர் தொடக்கத்தில் ஏழு நாள் போய்வர நானும் என் தோழியும் ஆசைப்பட்டோம். பாஸ்க் மொழியில் அந்த ஊருக்கு தொனோஸ்தியா என்று பெயர். இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்த நகரம் சாப்பாட்டுக்காகவே உலகப் புகழ் பெற்றது. கையில் கிடைத்த வழிகாட்டி நூல்களையும் பயண இதழ்களையும் சேர்த்து வைத்துப் படித்தோம். எல்லாவற்றிலும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே திட்டம். லா கொன்சா கடற்கரை, பழைய நகரத்தின் மதுக்கூடங்களில் ‘பின்ச்சோ’ என்னும் சிறுதீனி, மூன்று மிச்செலின் நட்சத்திர உணவகம் ஒன்றில் ஓர் இரவு, வாய்ப்புக் கிடைத்தால் ஆண்கள் கூடிச் சமைக்கும் ‘சோக்கோ’ சங்கம் ஒன்றில் விருந்து. பெயர் சொல்லி அறிமுகப்படுத்தப்படுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் படங்களில் இருக்கிறார்கள், சந்தையில் மிளகாயும் பீன்ஸும் விற்கிறார்கள், பெயர் இல்லாமல்.

விடுமுறைக்குப் போகிற இடத்தில் இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நம்மூர்ப் பெண்களுக்கு இப்படியொரு பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதே அரிது. பல வருடச் சேமிப்பு அதில் போகிறது. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே விமானப் பதிவு, தங்குமிடப் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதாவது, ஊரைக் காண்பதற்குப் பல வாரம் முன்பே நம் நாட்களையும் பணத்தையும் யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். எழுதுகிற அந்த வேளையில்தான் கேள்வி கேட்க முடியும்.

முதல் கேள்வி விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பில்பாவோவில் இறங்கி நூறு கிலோமீட்டர் பேருந்தில் போகலாம். மத்ரித் அல்லது பார்சிலோனாவில் மாறி, சான் செபாஸ்தியானின் சொந்த விமான நிலையத்திலும் இறங்கலாம். அந்தச் சிறிய நிலையம் நகரத்துக்குள் இல்லை. சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஒந்தாரிபியா என்ற ஊரில், ஆற்றுமுகத்தின் ஓரமாக இருக்கிறது. வழிகாட்டிகள் இந்த ஊருக்கு அரைநாள் ஒதுக்குகின்றன. மதில் சூழ்ந்த பழைய நகரம், வண்ணம் பூசிய மீனவர் வீடுகள், நல்ல பின்ச்சோ, அவ்வளவுதான்.

ஒந்தாரிபியாவில் ஒவ்வொரு செப்டம்பர் 8ஆம் தேதியும் ‘அலார்தே’ என்னும் அணிவகுப்பு நடக்கிறது. 1638இல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையிலிருந்து ஊர் மீண்டதன் நினைவு அது. துப்பாக்கி ஏந்தி ஊரே நடக்கிறது என்பார்கள். ஊர் என்றால் ஆண்கள். ஓர் அணிக்கு ஒரு பெண் மட்டும், வீரர்களுக்குப் பானம் கொடுக்கும் ‘கந்தினேரா’ வேடத்தில் நடக்கலாம். எல்லாரையும் போல நாங்களும் நடப்போம் என்று 1990களில் பெண்கள் கேட்டார்கள். 1997இல் ஹைஸ்கிபெல் என்ற பெயரில் பெண்களும் ஆண்களும் சேர்ந்த அணி தெருவில் இறங்கியது. வரவேற்பாகக் கிடைத்தது சீழ்க்கையும் வசையும். அவர்கள் கடந்து போகையில் பார்வையாளர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகளைத் தூக்கிப் பிடித்து மறைத்தார்கள். அப்படி மறைத்தவர்களில் பெண்களும் உண்டு. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அணி தனியாகவே நடந்துவருகிறது. எங்கள் தேதிகளுக்குள் செப்டம்பர் 8 வருகிறது. அரைநாள் ஒதுக்கும் எந்தத் திட்டமும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

அடுத்தது சோக்கோ. உணவுப் பயணத்தின் உச்சமாக எல்லாரும் காட்டுவது இதைத்தான். உறுப்பினர்கள் சாவி வைத்திருப்பார்கள், வந்து சமைப்பார்கள், சேர்ந்து உண்பார்கள், பாடுவார்கள், எடுத்த பொருளுக்குக் கணக்கெழுதிப் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட சங்கங்கள் சான் செபாஸ்தியானில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றின. 1870இல் தொடங்கிய ‘உனியோன் ஆர்தேசானா’ அவற்றுள் புகழ்பெற்றது. பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் பாஸ்க் மொழியில் தயக்கமின்றிப் பேசிப் பாடக் கிடைத்த இடங்களுள் இவையும் அடங்கும். அந்த வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுதந்திரமான அறைக்குள் பெண்களுக்கு இடம் இல்லை. பிறகு பல சங்கங்கள் பெண்களை விருந்தினர்களாக அனுமதித்தன. சமையல் மேடைப் பக்கம் போகக்கூடாது, உறுப்பினர் ஆகக்கூடாது என்ற விதியைச் சில சங்கங்கள் அப்படியே வைத்துக்கொண்டன. பெண்களும் உறுப்பினராக உள்ள புதிய சங்கங்கள் வந்துவிட்டாலும், பயண எழுத்து விரும்புவது பழைய வகையைத்தான்.

ஆந்தனி போர்டெய்ன் 2001இல் வெளியிட்ட ‘எ குக்ஸ் டூர்’ நூலில் இந்த நகரத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பையன்கள் இருக்கும் இடம், பெண்கள் இருக்கும் இடம் என்ற பிரிவு அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஆண்களோடு சங்கத்தில் ஒரு விருந்து, பெண்களோடு மதுக்கூடங்களைச் சுற்றும் ஓர் இரவு. பிரிவு இருக்கிறது என்பதையாவது அவர் மறைக்கவில்லை. நாங்கள் படித்த திட்டங்களில் அது ‘அழகான மரபு’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

இந்த மரபுக்கு ஒரு விளக்கமும் கூடவே வரும். பாஸ்க் சமூகம் தாய்வழிச் சமூகமாம், வீட்டில் பெண்ணின் ஆட்சிதானாம், பாவம் ஆண்கள் ஒதுங்க ஓரிடம் வேண்டியிருந்ததாம். ‘வீட்டுக்கு அரசி’ என்ற பட்டத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. மானுடவியலாளர் தெரேசா தெல் வாயெவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் பாஸ்க் பெண்ணைப் பற்றிய பிம்பத்தையும் நிஜத்தையும் ஒப்பிட்டு 1985இல் வெளியிட்ட நூல் இந்தத் தாய்வழிக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தியது. வீட்டுக்குள் பொறுப்பு இருப்பது வேறு, பொதுவெளியில் அதிகாரம் இருப்பது வேறு. அரிசிப் பானைக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளியாக இருப்பதை ஆட்சி என்று அழைத்துவிட்டால், சங்கத்தின் கதவை மூடுவது எளிதாகிவிடுகிறது.

சமையல் என்பது ஒரே செயல்தான். தினமும் வீட்டில் நடக்கும்போது அது கடமை, வாரம் ஒருநாள் சங்கத்தில் நடக்கும்போது பண்பாடு. ஜனவரி 20ஆம் தேதி நகரமே கொண்டாடும் ‘தம்போர்ராதா’ முரசுத் திருவிழாவில் பாதிப் பேர் பழங்காலப் படைவீரர் உடையிலும் பாதிப் பேர் வெள்ளைத் தொப்பி வைத்த சமையற்காரர் உடையிலும் முரசறைவார்கள். நீரூற்றில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் படைவீரர்களின் முரசைக் கேலி செய்து வாளிகளைத் தட்டியதில் அது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. தண்ணீர் சுமந்த பெண்களைப் பற்றிய நினைவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆனால் கிரெசாலா என்ற சங்கம் 1980இல் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும்வரை அந்த அணிவகுப்பு ஆண்களுடையதாகவே இருந்தது.

நட்சத்திர உணவகங்களின் கதையையும் இப்படித் திருப்பி வாசிக்கலாம். அர்சாக் உணவகம் 1989இல் மூன்றாவது நட்சத்திரம் பெற்றது. யுவான் மாரி அர்சாக் ஒரு மேதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1897இல் அவருடைய தாத்தாவும் பாட்டியும் தொடங்கிய மதுக்கடை அது. தந்தை இறந்தபோது யுவான் மாரி சிறுவன். கடையைக் காப்பாற்றி, விருந்துகளுக்குப் பெயர்போன இடமாக வளர்த்தவர் அவருடைய அம்மா பகீதா அர்ராதிபெல். இன்று அதை நடத்துபவர் மகள் எலெனா. அவருக்கு 2012இல் ‘உலகின் சிறந்த பெண் சமையற்கலைஞர்’ விருது கொடுத்தார்கள். ‘சிறந்த ஆண் சமையற்கலைஞர்’ என்றொரு விருது இல்லை. பாராட்டும்போதே தனி வரிசையில் நிறுத்தும் பாராட்டு அது.

இன்னும் பின்னால் போனால் நிகொலாசா பிரதேரா. வீட்டுச் சமையற்காரியாக வேலை பார்த்தவர், 1912இல் லா பிரெச்சா சந்தைக்கு அருகில் தன் பெயரிலேயே ‘காசா நிகொலாசா’ உணவகத்தைத் திறந்தார். அவருடைய சமையல் நூல் 1933இல் வந்தது. 1970களில் ‘புதிய பாஸ்க் சமையல்’ என்று ஓர் இயக்கம் எழுந்ததாகவும் அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியதாகவும் வழிகாட்டிகள் எழுதுகின்றன. அந்த இயக்கத்தின் குழுப் படங்களில் ஆண்களுக்கு நடுவே தாதுஸ் ஃபோம்பெயிதா என்ற பெண் இருந்தார். நாங்கள் படித்த எந்தத் திட்டத்திலும் அவர் பெயர் இல்லை. ‘புதிய’ என்ற சொல் ஆண்களுக்கு வந்து சேர்ந்ததென்றால், அவர்களுக்கு முன்பிருந்த பெண்களின் சமையல் தானாகவே ‘பழையது’ ஆகிவிடுகிறது. அதற்கு ஆசிரியர் தேவையில்லை என்றும் ஆகிவிடுகிறது.

நகரத்தின் மிகப் பிரபலமான பின்ச்சோவின் பெயர் கில்டா. ஆலிவ், ஊறுகாய்ப் பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி மூன்றையும் ஒரு பல்குத்தும் குச்சியில் கோத்தது. 1940களில் காசா வாயேஸ் மதுக்கூடத்தில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946இல் வந்த படத்தின் நாயகி பெயரை அதற்கு வைத்தார்கள். பச்சை, உப்பு, கொஞ்சம் காரம், அவளைப் போலவே என்பது விளக்கம். ஸ்பானிய மொழியில் ‘பச்சை’ என்ற சொல்லுக்கு ஆபாசம் என்ற சாயலும் உண்டு. திரையில் பார்த்த பெண்ணைக் குச்சியில் கோத்து ஒரே வாயில் விழுங்கும் நகைச்சுவையை எல்லா வழிகாட்டிகளும் ரசித்துச் சொல்கின்றன. அதே குச்சியில் இருக்கும் இன்னொரு பெண்ணை அவை சொல்வதில்லை. அந்த நெத்திலி மாதக்கணக்கில் உப்பில் கிடந்து பதமான பிறகு, ஒவ்வொன்றாகத் தோல் தேய்த்து, முள் எடுத்து, இரண்டாகப் பிரித்து அடுக்க வேண்டும். காண்டாப்ரியக் கடற்கரையின் பதப்படுத்தும் கூடங்களில் இந்தக் கைவேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பெண்கள். அருகிலுள்ள துறைமுகங்களில் கிழிந்த வலைகளைத் தரையில் அமர்ந்து தைப்பவர்களும் பெண்களே.

கடலும் அப்படித்தான். பக்கத்து பசாயாத் துறைமுகத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்கள் துடுப்பு வலித்து ஆட்களை அக்கரை சேர்த்துப் பிழைத்தார்கள். 1843இல் அங்கே தங்கிய விக்தோர் யூகோ அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். லா கொன்சா விரிகுடாவில் புகழ்பெற்ற படகுப் போட்டி 1879இல் தொடங்கியது. அதில் பெண்களுக்கான போட்டி சேர்க்கப்பட்டது 2008இல். கூலிக்குத் துடுப்பு வலிக்கையில் யாரும் தடுக்கவில்லை, கொடிக்கும் பரிசுக்கும் வலிக்க நூற்று முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

தங்குமிடத்தையும் விட்டுவிட முடியாது. ஸ்பெயினில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் ‘லாஸ் கெல்லிஸ்’ என்ற பெயரில் திரண்டு 2016இல் சங்கம் அமைத்தார்கள். ‘சுத்தம் செய்கிறவர்கள்’ என்று பொருள்படும் ஸ்பானியத் தொடரைச் சுருக்கி வைத்துக்கொண்ட பெயர் அது. வெளி ஒப்பந்தக்காரரிடம் வேலை, அறைக் கணக்கில் கூலி, முதுகுவலிக்கு மாத்திரை என்பதே அவர்கள் பொதுவெளிக்குக் கொண்டுவந்த வாழ்க்கை. மலிவான அறை தேடும் நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

எங்களுக்கும் ஒரு சோக்கோ விருந்துக்கு வழி கிடைத்தது. தோழிக்குத் தெரிந்த ஒருவர் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பெண்கள் சமையலறைக்குள் வரலாமா, உறுப்பினர் ஆகலாமா என்று கேட்டு எழுதினேன். மேசைக்கு வரலாம், மற்றது இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் வரமாட்டேன் என்றேன். “உள்ளே போய்ப் பார்த்தால்தானே எழுத முடியும்? வாசலில் நின்று என்ன சாதிக்கப்போறே?” என்று தோழி கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெண்கள் உள்ளே போய்ப் பார்த்து எழுதியதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனாலும், பணம் கொடுத்து வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு மேசை போட்டு, அந்த ஊர்ப் பெண்ணுக்கு உறுப்பினர் இடம் மறுக்கும் சங்கத்தில், என் வருகை மாற்றத்தின் சாட்சியாகக் காட்டப்படும் என்றே நினைக்கிறேன். நாங்கள் ஒத்துப்போகவில்லை. அந்த இரவுக்கு மட்டும் திட்டத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன: அவள் சங்கத்துக்கு, நான் பழைய நகரத்துக்கு.

மற்ற நாட்களைச் சேர்ந்தே திருத்தினோம். படகுப் போட்டி ஞாயிற்றுக்கிழமையில் பெண்கள் போட்டியைக் காண்பது. 8ஆம் தேதி ஒந்தாரிபியாவில், ஹைஸ்கிபெல் அணி கடக்கும் தெருவில் முகம் திருப்பாமல் நிற்பது. ஒரு காலை லா பிரெச்சாவில், விற்கிறவரிடம் என்ன விளைகிறது என்று கேட்டு வாங்குவது. பசாயாவில் படகேறி அக்கரை போவது. அர்சாக்கில் ஒருவேளை உணவு எங்கள் சேமிப்புக்குப் பெரிய தொகை, கையிருப்பு பார்த்து முடிவெடுப்போம். கில்டாவையும் சாப்பிடுவோம், அந்த நெத்திலியைச் சுத்தம் செய்த கை எது என்று தெரிந்துகொண்டே.